எக்ஸ்ரே முதல் எம்ஆர்ஐ வரை: புதுக்கோட்டை மாவட்டத்தில் ஸ்கேன் பரிசோதனைகள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் உடலுக்குள் பார்க்கும் பரிசோதனைகள் பெரும்பாலும் நான்கு கருவிகளைக் கொண்டே நடக்கின்றன: எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், சிடி, எம்ஆர்ஐ. எக்ஸ்ரேயும் சிடியும் ஊடுகதிரால் படம் எடுப்பவை. அல்ட்ராசவுண்ட் காதுக்கு எட்டாத ஒலியைப் பயன்படுத்துகிறது. எம்ஆர்ஐக்குக் காந்தமும் ரேடியோ அலையும் போதும். இந்த வேறுபாடு நோயாளிக்கு வெறும் பாடநூல் விவரம் அல்ல. வெறும் வயிற்றோடு வருவதா, தண்ணீர் குடித்துவிட்டு வருவதா, தாலியைக் கழற்றுவதா, கர்ப்பத்தை முன்கூட்டியே சொல்வதா என்பதெல்லாம் கருவிக்குக் கருவி மாறும். மக்களின் பயமோ அப்படிக் கருவி பார்த்து வருவதில்லை. கதிர்வீச்சே இல்லாத எம்ஆர்ஐ அறையைக் கண்டு நடுங்குகிறவர்கள், சாதாரணத் தலைவலிக்கு "ஒரு சிடி எடுத்துப் பாத்துடலாமா சார்" என்று தாங்களாகவே கேட்கிறார்கள்.

மாவட்டத்தின் அரசுத் தரப்பில் பெரிய கருவிகள் முள்ளூரில் 2017இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ளன. நகருக்குள் இருக்கும் ராணியார் மருத்துவமனை பிரசவத்துக்கும் குழந்தைகளுக்கும் பேர்பெற்றது. அறந்தாங்கி போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் கிடைக்கும். கர்ப்பிணிகளுக்கான ஸ்கேன் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை வந்துவிட்டது. நகரில் தனியார் ஸ்கேன் மையங்களும் உண்டு. மருத்துவக் கல்லூரி வருவதற்கு முன்பு சிக்கலான நோயாளிகளைத் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ அனுப்புவது வழக்கமாக இருந்தது. இரண்டுமே ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தொலைவு. கடலோரத்துக் கோட்டைப்பட்டினத்துக்காரருக்குப் புதுக்கோட்டையே அறுபது கிலோமீட்டருக்கு மேல் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஜெர்மனியில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தது 1895 நவம்பர் 8ஆம் தேதி. தமிழ்நாட்டில் கதிரியல் துறைக்கு ஒரு தனி நிலையம் அமைய ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்தன. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் திறக்கப்பட்டது. லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சிடி கருவி முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது 1971இல். எம்ஆர்ஐயை உருவாக்கிய லாட்டர்பருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது 2003இல்தான். அக்கருவி இப்போது முள்ளூர் வரை வந்துவிட்டது.

நான்கில் எளியதும் மலிவானதும் எக்ஸ்ரே. மார்பு எக்ஸ்ரேக்கு மேலாடையைக் கழற்றி, தகட்டோடு நெஞ்சை அணைத்து, தோள்களை முன்னே தள்ளி நிற்க வேண்டும். "மூச்சை நல்லா இழுங்க... பிடிங்க..." என்ற குரல் வரும். ஒரு கண் சிமிட்டலில் வேலை முடிந்து "விடுங்க" என்பார்கள். இந்த மூச்சு வெறும் சம்பிரதாயம் இல்லை. பாதி மூச்சில் எடுத்த படத்தில் நுரையீரலின் அடிப்பகுதி மறைந்துபோகும், இதயம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிந்து வீண் கலக்கம் தரும். பெண்களிடம் சடையைத் தூக்கி உச்சியில் முடிந்துகொள்ளச் சொல்வதற்கும் காரணம் உண்டு. தடித்த பின்னல் தோளில் கிடந்தால் நுரையீரலின் மேல்முனையில் நிழலாக விழும். காசநோய் முதலில் தேடப்படும் இடம் அதுதான். சங்கிலி, தாயத்து, கொக்கி எல்லாம் படத்தில் வெள்ளையாக விழுந்து உள்ளே இருப்பதை மறைக்கும்.

கல்குவாரியிலும் கிரஷரிலும் வேலை பார்ப்பவர்கள் மார்பு எக்ஸ்ரே எடுக்கும்போது தங்கள் தொழிலைச் சொல்லிவிடுவது அவசியம். ஆண்டுக்கணக்கில் கல்தூசியைச் சுவாசித்த நுரையீரலில் உண்டாகும் சிறு முடிச்சுகள் காசநோயின் புள்ளிகளைப் போலவே தோன்றக்கூடும். தொழில் தெரியாத மருத்துவர் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருப்பதும் அரிதல்ல.

கதிர்வீச்சின் அளவை மில்லிசீவர்ட் என்ற அலகால் கணக்கிடுகிறார்கள். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு மனிதருக்கு ஆண்டுதோறும் இயற்கையாகவே வந்து சேர்வது உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். ஒரு மார்பு எக்ஸ்ரேயால் வருவது 0.1 அல்லது அதற்கும் குறைவு. அதாவது இரண்டு வாரம் சும்மா வீட்டில் இருந்தாலே கிடைக்கிற அளவு. எனவே கை, கால், மார்பு எக்ஸ்ரேக்கு அஞ்ச வேண்டியதில்லை. கர்ப்பமாக இருப்பவரும், மாதவிலக்கு தள்ளிப்போயிருப்பவரும் மட்டும் அதை அறைக்குள் நுழைவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கேட்டால் சொல்லலாம் என்று காத்திருப்பது தவறு.

அல்ட்ராசவுண்ட்தான் மாவட்டத்தில் பெரும்பாலானோர் முதலில் படுக்கும் ஸ்கேன். வயிற்றின் மேல் குளிர்ச்சியான பசையைத் தடவி, சவரப்பெட்டி அளவுள்ள கருவியை அழுத்தி நகர்த்துவார்கள். தோலுக்கும் கருவிக்கும் இடையே காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாமல் திரும்பிவிடும் என்பதற்காகவே அந்தப் பசை. வலி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது. ஆனால் நான்கு கருவிகளில் நோயாளியின் முன்தயாரிப்பைப் பெரிதும் நம்பியிருப்பது இதுதான்.

மேல்வயிற்றைப் பார்க்க ஐந்தாறு மணி நேரம் சாப்பிடாமல் வர வேண்டும். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், அதனுள் கல் இருந்தாலும் பிடிபடாது. டீயும் காபியும் சாப்பாட்டில் சேராது என்று நினைத்து ஒரு டம்ளர் பால்காபி குடித்துவிட்டு வந்து, மறுநாள் வரச் சொல்லித் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் உண்டு. அடிவயிற்றைப் பார்க்க நேர்மாறான ஏற்பாடு தேவை. ஒரு மணி நேரம் முன்பாக நாலைந்து டம்ளர் தண்ணீர் குடித்து, சிறுநீர் கழிக்காமல் வர வேண்டும். நிரம்பிய சிறுநீர்ப்பை குடலை மேலே தள்ளி, கருப்பையையும் புராஸ்டேட் சுரப்பியையும் பார்க்க வழிவிடுகிறது. காத்திருப்போர் வரிசையில் "முட்டுதா? இன்னும் முட்டலையா? தண்ணி குடிங்க" என்று உதவியாளர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வருவதும், முட்டிப்போனவர் வரிசையை மீறி உள்ளே ஓடுவதும் எல்லா ஸ்கேன் மையத்திலும் நடப்பது. வயதான ஆண்களைச் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி இரண்டாம் முறையும் பார்ப்பார்கள். பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்ற கணக்குதான் அங்கே முக்கியம்.

வெயிலில் வேலை செய்து, தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு அதிகம். வறண்ட பூமியான இம்மாவட்டத்தில் விலாவைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு முதல் பரிசோதனை அல்ட்ராசவுண்ட்தான். சிறுநீரகத்துக்குள் இருக்கும் கல்லை அது நன்றாகக் காட்டும். ஆனால் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயின் நடுப்பகுதியில் சிக்கிய கல்லைக் குடல்காற்று மறைத்துவிடும். வலி தொடரும்போதும் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தால், சாய ஊசி போடாத சிடியை மருத்துவர் கேட்பது இதனால்தான்.

சில பெண்களுக்குக் கர்ப்பத்தின் தொடக்க வாரங்களிலும், சூலகத்தில் சந்தேகம் இருந்தாலும் உள்வழி ஸ்கேன் தேவைப்படும். உறையிட்ட மெல்லிய கருவியைப் பிறப்புறுப்பின் வழியே வைத்துப் பார்ப்பது அது. இதற்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். சம்மதம் கேட்காமல் செய்யக் கூடாது. அறையில் பெண் உதவியாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்று கேட்பது நோயாளியின் உரிமை. திருமணமாகாத பெண்களுக்கு இந்த முறையைத் தவிர்த்து வயிற்றின் வழியாகவே பார்ப்பது இங்குள்ள வழக்கம்.

கர்ப்ப காலத்தில் மூன்று ஸ்கேன்களுக்கு முதன்மை உண்டு. முதல் மூன்று மாதத்தில் எடுப்பது கரு எங்கே தங்கியிருக்கிறது, எத்தனை வாரம் என்பதைச் சொல்லும். பிரசவத் தேதியை மிகச் சரியாகக் கணிப்பது இந்த முதல் ஸ்கேன்தான். பிந்திய ஸ்கேன்களில் தேதி மாறி மாறி வருவதைக் கண்டு குடும்பத்தார் குழம்பத் தேவையில்லை. 18 முதல் 20 வாரங்களில் எடுப்பது குறைபாடு கண்டறியும் ஸ்கேன். மூளை, முதுகெலும்பு, இதயம், சிறுநீரகம் என்று ஒவ்வோர் உறுப்பாகப் பார்ப்பதால் அரை மணி நேரம்கூட ஆகும். குழந்தை திரும்பிப் படுத்திருந்தால் தாயை நடந்துவிட்டு வரச் சொல்வார்கள். மூன்றாவது, கடைசி மாதங்களில் வளர்ச்சி, பனிக்குட நீர், நஞ்சின் இடம் ஆகியவற்றைப் பார்ப்பது.

இந்த அறைக்குள் மட்டும் ஒரு சட்டமும் கூடவே நுழைகிறது. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு 1996 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 2003இல் மேலும் இறுக்கப்பட்டது. ஸ்கேன் மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பாலினம் சொல்லப்படாது என்ற பலகையை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் மாட்ட வேண்டும். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 'எஃப்' படிவம் நிரப்பி, பாலினம் அறிய விரும்பவில்லை என்ற உறுதிமொழியில் கையெழுத்து வாங்க வேண்டும். வாயால் மட்டுமல்ல, சைகையாலோ வேறெந்தக் குறிப்பாலோ சொல்வதும் குற்றம். முதல் முறை பிடிபடும் மருத்துவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கேட்டுப் போகிறவருக்கு அபராதம் 50,000 ரூபாய் வரை போகலாம். கர்ப்பிணி கணவராலோ உறவினராலோ கட்டாயப்படுத்தப்பட்டவர் என்றே சட்டம் அனுமானிக்கிறது. தாய்மார்கள் எளிதில் மறுத்துப் பேச முடியாத வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பிரிவு அது. ஆதார் கேட்டதற்கும் கையெழுத்து கேட்டதற்கும் மையத்து ஊழியரிடம் சண்டை போடுவதில் பொருளில்லை. படிவம் நிரம்பாவிட்டால் தண்டனை மையத்துக்குத்தான்.

சிடி கருவி எக்ஸ் கதிர்க் குழாயை உடலைச் சுற்றிச் சுழற்றி, கணினியைக் கொண்டு உடலை வெள்ளரிக்காய் வில்லைகள்போல வட்ட வட்டமாகப் பார்க்கிறது. அகன்ற வளையம் ஒன்றினுள் படுக்கை நுழைந்து வெளிவரும். இரு பக்கமும் திறந்த வளையம் என்பதால் அடைபட்ட உணர்வு அவ்வளவாக இருக்காது. படம் எடுக்கும் நேரம் சில விநாடிகள். மேசையில் படுத்து இறங்குவதற்கு ஆகும் நேரமே அதிகம். இந்த வேகத்தால்தான் அவசரச் சிகிச்சையில் அதற்கு ஈடில்லை. தலையில் புதிதாகக் கசிந்த ரத்தம் சிடியில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். திடீரென ஒரு பக்கம் கைகால் விழுந்து, வாய் கோணி வருகிறவருக்கு ரத்தக்குழாய் அடைப்பா, ரத்தக்கசிவா என்று பிரித்துச் சொல்வது சிடிதான். அடைப்பென்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கசிவில் அதே ஊசி உயிரைக் குடித்துவிடும். மணமேல்குடியிலிருந்தும் கோட்டைப்பட்டினத்திலிருந்தும் வரும் ஆம்புலன்ஸ் பயணம் இந்த நாலரை மணியில்தான் கழிகிறது. 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று படுத்துவிட்டால் எந்த ஸ்கேனாலும் அந்த நேரத்தைத் திருப்பித் தர முடியாது.

ஜனவரியில் தச்சங்குறிச்சியில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு தொடங்கியதிலிருந்து மாவட்டத்தின் வாடிவாசல்கள் சில மாதங்கள் ஓய்வதில்லை. மாட்டுக்கொம்பு குத்திய வயிற்றில் வெளியே தெரிவது ஒரு சிறு துளை, உள்ளே குடலோ கல்லீரலோ கிழிந்திருக்கலாம். இப்படி வருகிறவருக்குப் படுக்கையருகிலேயே அல்ட்ராசவுண்ட் வைத்து இதயத்தைச் சுற்றி, கல்லீரலையும் மண்ணீரலையும் ஒட்டி, அடிவயிற்றில் என நான்கு இடங்களில் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று சில நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள். ரத்த அழுத்தம் நிலையாக இருந்தால் அடுத்து சிடி. நிலையில்லாதவரை சிடி அறைக்குக் கொண்டுபோகாமல் நேரே அறுவை அரங்குக்கு எடுத்துச் செல்வதும் உண்டு. "ஸ்கேன்கூட எடுக்காம ஆபரேஷன் பண்ணிட்டாங்க" என்ற குறை அங்கே பொருந்தாது.

வயிறு, மார்பு, ரத்தக்குழாய் சிடிக்குப் பெரும்பாலும் அயோடின் கலந்த சாய மருந்தை ரத்தநாளத்தில் ஏற்றுவார்கள். பேச்சு வழக்கில் 'டை ஊசி'. ஏற்றிய சில நொடியில் தொண்டையிலிருந்து அடிவயிறு வரை ஒரு சூடு பரவும், வாயில் உலோகச் சுவை தட்டும், சிறுநீர் போய்விட்டதோ என்ற பிரமை உண்டாகும். போயிருக்காது, ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் நோயாளி பதறி அசைவதில்லை. சொல்லாமல் விட்டால் அசைந்து படம் கெட்டு, மறுபடி எடுக்க நேரும். அரிப்பு, தடிப்பு, மூச்சுத்திணறல் வந்தால் உடனே குரல் கொடுக்க வேண்டும். அதற்கான மருந்துகள் அறையிலேயே இருக்கும். சிறுநீரகம் தாங்குமா என்று பார்க்க முன்னதாக ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு கேட்பார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவரின் சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் மாத்திரையை இரண்டு நாள் நிறுத்தச் சொல்வார்கள். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவருக்கு அயோடின் சாயம் ஆகாது என்ற நம்பிக்கை கடலோர ஊர்களில் இன்றும் உலவுகிறது. இறால் ஒவ்வாமைக்குக் காரணம் அதிலுள்ள புரதம், அயோடின் அல்ல. முன்பு இதே சாய ஊசிக்கே ஒவ்வாமை வந்திருந்தாலோ, கடும் ஆஸ்துமா இருந்தாலோ அதுதான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது.

கதிர்வீச்சுக் கணக்கு சிடியில்தான் கனமாகிறது. தலை சிடி ஒன்றுக்கு ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட், வயிற்று சிடிக்கு 8 வரை. முன்னது ஓராண்டு இயற்கையாகக் கிடைப்பதற்கு அருகில், பின்னது மூன்றாண்டுக் கணக்கு. தேவையான இடத்தில் இந்தச் சிறு அபாயம், நோயைத் தவறவிடும் அபாயத்துக்கு முன் ஒன்றுமில்லை. தேவையில்லாத இடத்தில் அது முழுக்க வீண். குழந்தைகளின் வளரும் திசுக்கள் கதிருக்கு எளிதில் பாதிக்கப்படுவதால், தலையில் அடிபட்ட பிள்ளைக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு போன்ற அறிகுறி இல்லையென்றால் மருத்துவர் சில மணி நேரம் கவனித்துப் பார்க்கலாம் என்பார். சிடி எடுக்காத மருத்துவர் அக்கறையில்லாதவர் என்று பெற்றோர் முடிவுகட்டுவது நியாயமல்ல. நாட்டில் எக்ஸ்ரே, சிடி கருவிகளை ஒழுங்குபடுத்துவது 1983இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். அந்த அறையில் வேலை செய்பவர் சட்டையில் குத்தியிருக்கும் சிறு பட்டை அவர் வாங்கிய கதிரை அளப்பதற்காக. நாள் முழுக்க அங்கே இருப்பவர் படம் எடுக்கும் நொடியில் சுவருக்குப் பின்னால் போவதும் அதனால்தான். ஒருமுறை படம் எடுப்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

எம்ஆர்ஐயில் கதிரே இல்லை. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது: காந்தத்தில். சாதாரணமாக உள்ள 1.5 டெஸ்லா கருவியின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தைப் போல முப்பதாயிரம் மடங்குக்கு மேல். படம் எடுக்காத நேரத்திலும், இரவிலும், ஞாயிற்றுக்கிழமையிலும் அது அணைவதில்லை. 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில், நோயாளியோடு வந்த உறவினர் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரை எடுத்துக்கொண்டு அறைக்குள் நுழைந்தபோது காந்தம் சிலிண்டரோடு அவரையும் இழுத்தது. அவர் இறந்துபோனார். வாசலில் நிற்கும் ஊழியர் கூடவந்தவர்களிடமும் கறாராகப் பேசுவதன் பின்னணி இது.

கழற்ற வேண்டியவற்றின் பட்டியல் ஊருக்கு ஏற்ப நீளும். செல்போன், சாவி, பெல்ட், ஏடிஎம் அட்டை, காதுக்கருவி ஆகியவை எல்லோருக்கும் பொதுவானவை. இங்கே அரைஞாண் கொடி, தாயத்து, மெட்டி, மூக்குத்தி, கொண்டை ஊசி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தாலி பெரிய பேச்சுவார்த்தையாகவே மாறிவிடும். தங்கம் காந்தத்தால் இழுக்கப்படாது என்பது உண்மை. ஆனால் தாலிக்கொடியில் கோர்த்திருக்கும் நாலைந்து ஊக்குகள் இரும்பு. முள் குத்தினால் எடுக்கவும், முந்தானையைக் குத்திக்கொள்ளவும் வைத்திருப்பவை அவை. கழுத்து, மார்பு ஸ்கேனில் தங்கமும் படத்தைக் கெடுக்கும், ரேடியோ அலையால் சூடேறவும் கூடும். பெரும்பாலான மையங்களில் இதற்கு ஒரு நடைமுறை உருவாகிவிட்டது. மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தாலியைக் கணவரிடமோ மாமியாரிடமோ கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போகிறார்கள். வீட்டிலிருந்து புறப்படும்போதே அந்தக் கயிற்றைக் கொண்டுவந்துவிட்டால் வாசலில் நேரம் வீணாகாது.

உடலுக்குள் இருப்பவை இதைவிட முக்கியம். பழைய வகை பேஸ்மேக்கர் வைத்தவருக்கு எம்ஆர்ஐ கூடாது. புதியவற்றில் பல, குறிப்பிட்ட ஏற்பாடுகளோடு அனுமதிக்கப்படுகின்றன. அதற்கான அட்டையைக் காட்ட வேண்டும். அரசுக் காப்பீட்டில் காக்ளியர் கருவி பொருத்தப்பட்ட குழந்தைகளின் பெற்றோர் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். இதயக்குழாய் ஸ்டென்டும், காப்பர்-டியும், எலும்பு முறிவுக்கு வைத்த டைட்டானியத் தகடும் பெரும்பாலும் தடையல்ல. அதிகம் கேட்கப்படாத கேள்வி கண்ணைப் பற்றியது. வெல்டிங் பட்டறையிலோ குவாரியிலோ வேலை செய்தவரின் கண்ணில் என்றோ தெறித்த இரும்புத் துணுக்கு தங்கியிருந்தால் காந்தம் அதை அசைத்துப் பார்வையைப் பறிக்கலாம். சந்தேகம் இருந்தால் முதலில் கண்ணுக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுவார்கள்.

உள்ளே நடப்பது சலிப்பூட்டும் விஷயம்தான். அறுபது, எழுபது சென்டிமீட்டர் அகலமுள்ள குழாய்க்குள் இருபது முதல் நாற்பத்தைந்து நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். டக் டக் என்று தட்டும் ஓசை, பிறகு நீண்ட உறுமல், பிறகு சட்டென்று மௌனம், மறுபடி தட்டல். சத்தம் நூறு டெசிபலைத் தாண்டுவதால் காதில் பஞ்சோ அடைப்பானோ கட்டாயம் வேண்டும். தராவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். கையில் ஒரு ரப்பர்ப் பந்து கொடுப்பார்கள். அதை அழுத்தினால் நிறுத்திவிட்டு உள்ளே வருவார்கள். மூடிய இடம் பிடிக்காதவர்கள் உள்ளே போவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொள்வது நல்ல வழி. குழாயின் கூரையை ஒருமுறை பார்த்துவிட்டால் மனம் அதையே பிடித்துக்கொள்ளும். முழங்கால் ஸ்கேனில் தலை வெளியேதான் இருக்கும் என்பது பலருக்குத் தெரியாததால் அதற்கும் பயப்படுகிறார்கள். சிறு குழந்தைகளுக்கு மயக்க மருத்துவர் மேற்பார்வையில் தூங்க வைத்து எடுப்பார்கள். அதற்கு முன் எத்தனை மணி நேரம் பால்கூடத் தரக் கூடாது என்பதைக் கேட்டு அப்படியே நடப்பது உயிர்சார்ந்த விஷயம். எம்ஆர்ஐக்கான சாய மருந்து கடோலினியம் என்ற வேறு பொருள். கர்ப்பிணிகளுக்கு அதைத் தவிர்ப்பார்கள், சிறுநீரகம் செயலிழந்தவருக்கு எச்சரிக்கையோடு மட்டுமே தருவார்கள்.

மார்பகத்துக்கான மேமோகிராம் எக்ஸ்ரேயின் இன்னொரு வடிவம். இரண்டு தகடுகளுக்கு இடையே மார்பகத்தைச் சில நொடி அழுத்துவதால் வலிக்கத்தான் செய்யும். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தைத் தவிர்த்தால் வலி குறையும். அன்று அக்குளில் பவுடர் போடக் கூடாது, அதன் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிகளாகத் தோன்றும். புற்றுநோய் பரவலைத் தேடும் பெட் ஸ்கேனுக்குக் கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை மருந்தை ஊசியில் ஏற்றி, ஒரு மணி நேரம் பேசாமல் படுத்திருக்கச் சொல்வார்கள். அம்மருந்தின் கதிரியக்கம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும் என்றாலும், அன்று மாலைவரை கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்காமல் இருப்பது நல்லது. புற்றுநோய்ச் சிகிச்சையோடு இம்மாவட்டத்துக்கு ஒரு தொடர்பும் உண்டு: சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்ததும், மன்னர் கல்லூரியில் படித்ததும் புதுக்கோட்டையில்தான். அவர் பெயரில் அமைந்த மகப்பேறு உதவித் திட்டத்துக்குப் பதிவு செய்யும் கர்ப்பிணிகள்தாம் இன்று ஆரம்ப சுகாதார நிலைய ஸ்கேன் வரிசைகளில் நிற்பவர்கள்.

செலவைப் பொறுத்தவரை, அரசு மருத்துவமனைகளில் சிடி, எம்ஆர்ஐ மையங்களை நடத்துவது 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். சிடிக்கு 500 ரூபாய், எம்ஆர்ஐக்கு 2,500 ரூபாய் என்ற அடிப்படைக் கட்டணம் அங்கே நெடுங்காலமாக இருந்துவருகிறது. சாய ஊசிக்குத் தனியாகக் கட்ட வேண்டும். தனியாரில் இதைப் போலப் பல மடங்கு ஆகும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், சிகிச்சையோடு பட்டியலிலுள்ள நோயறி பரிசோதனைகளும் அடக்கம். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் வைத்து ஆட்சியர் அலுவலகத்தில் அட்டை எடுத்து வைத்துக்கொள்வதை நோய் வரும்வரை தள்ளிப்போடுகிறவர்களே அதிகம். சாலை விபத்தில் சிக்கியவருக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். இதற்கு அட்டையோ வருமான வரம்போ கிடையாது.

படம் எடுப்பவர் தொழில்நுட்பர், படத்தைப் படித்து எழுதுபவர் கதிரியல் மருத்துவர். மேசையை விட்டு இறங்கியதும் "என்னங்க இருக்கு?" என்று தொழில்நுட்பரைக் கேட்டால் "டாக்டர் சொல்வாருங்க" என்றுதான் பதில் வரும். அது மறைப்பதற்காக அல்ல. சொல்லும் பொறுப்பு அவருடையது இல்லை. ரிப்போர்ட்டின் கடைசி வரியில், நோயாளியைப் பரிசோதித்த மருத்துவர் அறிகுறிகளோடு ஒப்பிட்டு முடிவு செய்யவும் என்ற பொருளில் ஒரு குறிப்பு அடிக்கடி இருக்கும். நோயாளிகள் கவனிக்காத அந்த வரிதான் ரிப்போர்ட்டில் மிக நேர்மையான வரி. முதுகு எம்ஆர்ஐ இதற்குச் சரியான உதாரணம். முதுகுவலியே இல்லாத 3,000க்கும் மேற்பட்டோரின் படங்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், இருபது வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் எண்பது வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் வட்டுத் தேய்மானம் இருந்தது. வலிக்கும் முதுகில் அதே தேய்மானம் தெரிந்தால் அதுதான் வலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. "டிஸ்க் விலகியிருக்காம், இனி குனியவே கூடாதாம்" என்று ரிப்போர்ட்டை வைத்து வீட்டிலேயே தீர்ப்பெழுதி வயல்வேலையை விட்டவர்களில் பலருக்கு அந்தத் தடை தேவைப்பட்டதே இல்லை. கல்லீரலில் முதல்நிலைக் கொழுப்பு, சிறுநீரகத்தில் சிறு நீர்க்கட்டி ஆகியவையும் தேடாமல் கிடைத்து அச்சுறுத்துபவை. நீர்க்கட்டிக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கொழுப்புக்கு உணவும் உடற்பயிற்சியும் சர்க்கரைப் பரிசோதனையும் தேவை.

சிறு முடிச்சோ கட்டியோ தெரிந்து, மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்து மறுபடி எடுக்கச் சொன்னால், அது ஒன்றுமில்லை என்று தள்ளிவிட்டதாகவோ புற்றுநோயை மறைத்ததாகவோ ஆகாது. வளர்கிறதா என்று பார்ப்பதே அங்கே பரிசோதனை. அதற்குப் பழைய படம் வேண்டும். ரிப்போர்ட்டை மட்டும் பத்திரப்படுத்திவிட்டு பிலிமைப் பரணில் போடுவதும், வெயில்படும் இடத்தில் வைத்து அதைக் கறுக்க விடுவதும் நடக்கிறது. பிலிமும் குறுந்தகடும் இருந்தால்தான் முன்பு எத்தனை மில்லிமீட்டர், எந்த இடம் என்று புதிய மருத்துவர் தன் கண்ணால் ஒப்பிட முடியும். திருச்சிக்கோ மதுரைக்கோ மேல்சிகிச்சைக்குப் போகிறவர் அவற்றைக் கொண்டுபோகாவிட்டால், சிடியானாலும் எம்ஆர்ஐயானாலும் அங்கே முதலிலிருந்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள். செலவும், சிடியென்றால் கதிரும், இரண்டாம் முறை.